பிடியில் சிவப்பு நூல்: டச் பே பக்கத்து இலைக்கஞ்சிக் கடை

முதலில் விலையைச் சொல்லிவிடுகிறேன், எல்லாரும் கேட்பது அதைத்தான். ஒரு பேணி கஞ்சி 100 ரூபாய். சொந்தப் பேணி கொண்டுபோனால் 80. கருப்பட்டித் துண்டு அதற்குள் அடக்கம். விடிய ஐந்தே காலுக்குத் திறந்தால் ஏழு மணிக்குள் பானை காலி. ஞாயிற்றுக்கிழமை பூட்டு. பெயர்ப்பலகை கிடையாது. திருகோணமலையில் கோட்டை வாசலுக்குப் போகிற வழியில், டச் பே கடற்கரைப் பக்கமாக, ஒரு வேப்பமரத்தடியில் மேசை ஒன்று, பானை இரண்டு, மரத்தில் அறைந்த பலகை ஒன்று. அவ்வளவுதான் கடை. "கஞ்சி அக்கா எங்கே?" என்று கேட்டால் நடக்க வருகிற எவரும் கையைக் காட்டுவார்கள்.

நான் அங்கே கஞ்சி குடிக்கப் போனவள் அல்ல. நடக்கப் போனவள். பதினொரு மாதமாக நடக்கிறேன். என்னைத் தெரிந்தவர்களுக்கு இது எவ்வளவு பெரிய செய்தி என்று விளங்கும். ஆகவே இதை வெறும் கஞ்சிக்கடை விமர்சனமாக எழுத என்னால் முடியாது. நடுவில் என் சப்பாத்தும் வரும், போனும் வரும், சீனி வருத்தமும் வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

வயது 49. உவர்மலையில் வீடு. சாதாரண தரத்துக்குக் கணிதம் படிப்பிக்கிறேன். இரண்டு வருடத்துக்கு முன் வெறும் வயிற்றில் பார்த்த சீனி 148. கிளினிக்கில் டொக்டர் கொப்பியில் எழுதிக்கொண்டே, தலையை நிமிர்த்தாமல் "நடவுங்கோ ரீச்சர்" என்றார். நடக்கச் சொல்வது சுகம். நடக்கத் தொடங்குவதும் சுகம்தான், நான் நாலு தரம் தொடங்கியிருக்கிறேன். ஜனவரி முதலாம் திகதி ஒன்று, சித்திரை வருடப்பிறப்புக்கு ஒன்று, பிறந்தநாளுக்கு ஒன்று, மகளின் சாமத்திய வீட்டுக்குச் சேலை பிளவுஸ் இறுகினபோது ஒன்று. எதுவும் மூன்று வாரம் தாண்டவில்லை. "ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமோ?" என்று இவர், என் வீட்டுக்காரர், பேப்பருக்குப் பின்னால் இருந்து கேட்டார். எனக்கு இன்னும் ஐம்பது ஆகவில்லை என்று மட்டும் சொன்னேன்.

கடைசித் தோல்விதான் ருசியானது, அதைச் சொல்ல வேண்டும். பழக்கங்களை உண்டாக்கித் தரும் செயலி ஒன்றை மகள் என் போனில் ஏற்றிவிட்டாள். மாதச் சந்தா டொலரில். திரையில் ஒரு செடி இருக்கும். நடந்தால் அது ஓர் இலை விடும். நடக்காவிட்டால் வாடும். "21 நாளில் புதிய நீங்கள்!" என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருந்தது. நான் விடாமல் 19 நாள் நடந்தேன். இருபதாம் நாள் காய்ச்சல். மூன்று நாள் பாயோடு கிடந்துவிட்டுப் போனைத் திறந்தால் செடி செத்திருந்தது. பழுப்பு நிறத்தில் தொங்கிக்கொண்டிருக்கிறது, கீழே கொட்டை எழுத்தில் பூச்சியம். பத்தொன்பது நாள் நடந்த நடைக்கு ஒரு புள்ளியும் இல்லை. மாணவன் ஒருவன் கடைசிப் படியில் பிழைவிட்டதற்காக முழுக் கணக்கையும் வெட்டுகிற ஆசிரியரை நாங்கள் என்ன சொல்வோம்? அன்றே அழித்துவிட்டேன். என் கிணற்றடி வல்லாரைகூட மூன்று நாள் தண்ணீர் இல்லாமல் சாகாது.

கோபத்தில் அந்த 21 எங்கே இருந்து வந்தது என்று தேடிப் பார்த்தேன். கணக்கு ரீச்சருக்கு ஓர் எண் சும்மா வந்தால் பொறுக்காது. மக்ஸ்வெல் மோல்ட்ஸ் என்றொரு அமெரிக்க பிளாஸ்டிக் சத்திரசிகிச்சை டொக்டர். மூக்கை, முகத்தைத் திருத்திக்கொண்டவர்கள் கண்ணாடியில் புது முகத்துக்குப் பழக ஆகக் குறைந்தது 21 நாளாவது எடுக்கிறது என்று 1960இல் எழுதியிருக்கிறார். "ஆகக் குறைந்தது" என்ற சொல் போகிற வழியில் எங்கோ விழுந்துவிட்டது. மூக்கு நடையாகிவிட்டது.

முறையாகச் செய்த ஆய்வு வேறொன்று இருக்கிறது. யுனிவர்சிட்டி கொலேஜ் லண்டனில் பிலிப்பா லாலியும் கூட்டாளிகளும் 96 பேரை 12 வாரம் பார்த்தார்கள். 2010இல் அச்சில் வந்தது. ஒவ்வொருவரும் ஒரு சின்னக் காரியத்தைத் தெரிந்தெடுத்து, தினமும் ஒரே சந்தர்ப்பத்தில் செய்ய வேண்டும். மதியச் சாப்பாட்டோடு ஒரு பழம், காலை உணவோடு ஒரு கிளாஸ் தண்ணீர், அந்த மாதிரி. யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை 66 நாள். ஆனால் ஒருவருக்கு 18 நாள், இன்னொருவருக்கு 254. பன்னிரண்டு வாரம் என்றால் 84 நாள்தானே, 254 எப்படி வந்தது என்று என் வகுப்பில் ஒரு கெட்டிக்காரி கேட்டாள். நல்ல கேள்வி. வளைகோட்டை நீட்டிக் கணித்த எண் அது. தண்ணீர் குடிப்பது சீக்கிரம் படிந்தது, உடற்பயிற்சிக்குக் கூடுதல் நாள் எடுத்தது. என் மனதில் தைத்தது இதெல்லாம் இல்லை. இடையில் ஒரு நாள் தவறவிட்டால் பெரிதாக ஒன்றும் கெட்டுப்போகவில்லை என்பதுதான். செடியைக் கொன்ற பாவம் அன்றுதான் என்னை விட்டுப் போனது.

சரி, கஞ்சிக்கு வருகிறேன்.

பங்குனி மாதம் ஒரு விடியற்காலை, ஐந்தாவது தரம். இந்த முறை ஒரு திட்டம் வைத்திருந்தேன். பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் எழுதிய ஒரு யோசனை: "நடப்பேன்" என்று முடிவெடுப்பதைவிட, "இன்னது நடந்தால் உடனே இன்னது செய்வேன்" என்று முடிச்சுப் போட்டு வைத்தால் காரியம் நடக்கிறது என்பது. எங்கள் வீட்டில் தினமும் விடிய நாலே முக்காலுக்கு நான்தான் தண்ணி மோட்டரைப் போட்டுத் தொட்டியை நிரப்புகிறவள். இருபது வருடப் பழக்கம், அதற்கு ஒரு செயலியும் வேண்டியிருக்கவில்லை. ஆகவே மோட்டரை நிறுத்தினதும் சப்பாத்தைப் போடு. இதுதான் சட்டம். சப்பாத்தை மோட்டர் சுவிட்ச்சுக்குக் கீழேயே வைத்தேன்.

அப்படியே இறங்கி நடந்து, பத்திரகாளி அம்மன் கோவிலடியில் ஒரு கும்பிடு போட்டு, மைதானத்தைச் சுற்றிக் கடற்கரைக்கு வந்தால் மூச்சு வாங்குகிறது. திரும்பலாம் என்று நினைத்த இடத்தில் மரத்தடியில் ஆவி பறக்கிறது. பூண்டு மணம். அக்கா, அறுபது வயதிருக்கும், சாக்கு சுற்றின பானைக்குள் அகப்பையை விட்டுக் கிண்டிக்கொண்டிருந்தார்.

அந்தப் பச்சையைச் சொல்ல வேண்டும். கடைகளில் விற்கிற இலைக்கஞ்சி அநேகமாகச் சேற்று நிறத்தில் இருக்கும். இது அப்படி இல்லை, அடித்த மழைக்குப் பிறகு வயலைப் பார்க்கிற மாதிரி. பிறகு பழகினதும் எப்படி என்று கேட்டேன். சிவப்புப் பச்சையரிசியைப் பூண்டோடு குழைய விட்டு, தேங்காய்ப்பால் சேர்த்து, உப்புப் பார்த்து, அடுப்பை அணைத்துவிட்டுத்தான் அரைத்துப் பிழிந்த இலைச்சாற்றை ஊற்றுவாராம். "இலை கொதிச்சா நிறமும் போகும், குணமும் போகும் ரீச்சர்." மூன்று மணிக்கு எழும்பி இலை ஆய்கிறார். ஒரு நாள் வல்லாரை, ஒரு நாள் முசுட்டை, ஒரு நாள் சாத்தாவாரி, சந்தையில் நல்லது கிடைத்தால் பொன்னாங்காணி. எனக்கு வல்லாரை நாள்தான் பிடிக்கும். நாக்கில் முதலில் ஒரு துவர்ப்பு, பிறகு பால், கடைசியில் அடித்தொண்டையில் பூண்டு. முசுட்டை நாள் கொஞ்சம் வழவழப்பு, எல்லாருக்கும் பிடிக்காது. சூடு, கையில் பேணியைப் பிடிக்க முடியாத சூடு. ஊதி ஊதிக் குடிக்க ஏழெட்டு நிமிடம் ஆகும். அந்த ஏழெட்டு நிமிடத்தில் கடலுக்கு மேலே சூரியன் வந்துவிடும். மான்கள் புல்லில் படுத்தபடி அசைபோடும். இதற்கு 100 ரூபாய் என்றால் நான் வாதாட மாட்டேன்.

இப்போது பலகை. இந்தக் கடையைப் பற்றி எழுதவே காரணம் அதுதான்.

முன்பு எல்லாருக்கும் பிளாஸ்டிக் கப்பில்தான் ஊற்றினாராம். ஒரு நாள் ஒரு பெண்மான் அந்தக் கப்பைச் சப்பிக்கொண்டு நின்றதை, வழமையாக வருகிற ஓய்வுபெற்ற ஐயா ஒருவர் கண்டு, கலைத்துப் பிடுங்கப் பார்த்திருக்கிறார். மான் விடவில்லை, விழுங்கிவிட்டது. திருகோணமலை மான்களுக்கு இது புதிதில்லை, குப்பைக்குள் தலைவிட்டுப் பொலித்தீன் தின்பதை எல்லாரும் காண்கிறோம். மறுநாள் ஐயா வீட்டிலிருந்து ஓர் எவர்சில்வர் பேணி கொண்டுவந்தார். தினமும் காவிக்கொண்டு வர ஏலாது, இங்கேயே வைத்துக்கொள் பிள்ளை என்றார். அக்கா மரத்தில் பலகை அறைந்து, ஆணி அடித்து, பேணியைத் தொங்கவிட்டார். பிறகு ஒவ்வொருவராகக் கொண்டுவந்தார்கள். இப்போது பலகையில் பதினெட்டு ஆணி. பிடி இல்லாத பேணிக்குக் கயிறு கட்டியிருக்கும். என்னுடையது பிடி வைத்தது, அடையாளத்துக்குக் கோவில் சிவப்பு நூல் கட்டியிருக்கிறேன்.

நீங்கள் வந்தால் உங்கள் பேணி கழுவிக் கவிழ்த்த ஈரத்தோடு இருக்கும். வராவிட்டால் காய்ந்துபோய்த் தொங்கும். அவ்வளவுதான் கணக்கு. வேறு புள்ளி இல்லை, பூச்சியம் இல்லை.

வைகாசியில் பரீட்சைத்தாள் திருத்துகிற வேலை வந்து இரண்டு நாள் போகவில்லை. மூன்றாம் நாளும் போகாமல் விடத்தான் இருந்தேன், பழைய கதைதான். ஆனால் மோட்டரை நிறுத்தும்போது அந்தப் பேணி ஞாபகம் வந்தது. மற்றப் பேணிக்காரர்கள் எல்லாரும் அதைக் கண்டிருப்பார்கள். போனேன். அக்கா திரும்பிப் பார்க்காமலே, "ரீச்சர்ட பேணி ரெண்டு நாளாக் காஞ்சுபோய்த் தொங்குது. சுகமில்லையோ எண்டு பார்த்தன்" என்றார். வேலை என்றேன். "ம்" என்று ஊற்றினார். ஒரு புத்தி இல்லை, ஒரு கண்டிப்பு இல்லை. அந்த "ம்" போதும். செயலிக்காரர் கோடிக்கணக்கில் செலவழித்துச் செய்யப் பார்த்ததை ஆணியும் பேணியும் செய்துவிட்டன என்று அன்று நினைத்தேன். கொஞ்சம் அவசரப்பட்டு நினைத்துவிட்டேன், அது பிறகு.

நான் என் நடையை ஒரு பழைய சீ.ஆர். கொப்பியில் கோடு போட்டு வைக்கிறேன். ஆனி மாதப் போயா, கணக்கில் 97ஆம் நாள். விடுமுறை, படுத்திருக்கலாம் என்று முதல் நாள் இரவே தீர்மானித்திருந்தேன். ஆனால் காளி கோவில் சந்திக்கு வந்த பிறகுதான் "இன்றைக்கு நிற்கலாம் என்றல்லவா இருந்தேன்" என்று ஞாபகம் வந்தது. மோட்டரை நிறுத்தியதும் கால் தானாகச் சப்பாத்துக்குள் போயிருக்கிறது. சந்தியில் நின்று தனியாகச் சிரித்தேன், பாண் ஓட்டோக்காரத் தம்பி ஒரு மாதிரிப் பார்த்துக்கொண்டு போனார்.

என் தம்பி கனடாவிலிருந்து அனுப்பிய கைக்கடிகாரம் போய்வர 6,200 காலடி காட்டுகிறது. அது பத்தாயிரம் வேண்டும் என்று தினமும் மணிக்கட்டில் நடுங்கும். அந்தப் பத்தாயிரமும் விசாரித்துப் பார்த்தால் ஒரு வியாபாரப் பெயர். 1965இல் ஜப்பானில் விற்ற அடி எண்ணும் கருவிக்கு "மான்போ-கெய்" என்று பெயர், பத்தாயிரம் அடி மானி என்று அர்த்தம். 2019இல் வந்த அமெரிக்க ஆய்வு ஒன்றில் வயதான பெண்களுக்கு 4,400 அடியிலேயே பலன் தெரிந்து, 7,500க்குப் பிறகு அது கூடாமல் நின்றுவிட்டது. நான் நடுக்கத்தை நிறுத்திவிட்டேன்.

இனிக் குறைகள். கொஞ்சம் இருக்கின்றன.

முதலாவது கருப்பட்டி. துண்டு பெரிது. சீனி வருத்தக்காரர்கள்தான் வாடிக்கையாளரில் பாதி, ஆனாலும் அக்காவுக்குச் சின்னத் துண்டு கொடுக்கக் கை வராது. "ஒரு நாளைக்குத்தானே" என்பார். ஒவ்வொரு நாளும் ஒரு நாள்தான் அக்கா. நான் அரைத் துண்டைக் கடித்துவிட்டு மிச்சத்தைப் பக்கத்தில் நிற்கிற பிள்ளைக்குக் கொடுத்துவிடுவேன். இலைக்கஞ்சி குடித்தால் சீனி இறங்கும் என்று அங்கே நின்று சத்தியம் செய்கிறவர்களும் உண்டு, நம்பாதீர்கள். இலை இருந்தாலும் அதில் அரிசியும் இருக்கிறது. என்னுடையது இப்போது 119. நடை, இரவுச் சோற்றைக் குறைத்தது, மாத்திரை, மூன்றையும் சேர்த்துத்தான் அந்த எண். எது எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல எனக்குத் தெரிந்த கணக்கில் வழி இல்லை.

இரண்டாவது, ஆறரைக்குப் பிறகு போகாதீர்கள். கஞ்சி இறுகி, அடியில் பூண்டு கட்டியாக நிற்கும். சுடுதண்ணீர் விட்டுக் கரைத்துத் தருவார், அது வேறு சாமான். சில்லறை எப்போதும் இல்லை. வெள்ளிக்கிழமை கோணேசர் கோவிலுக்கு வருகிற கூட்டத்துக்கு இன்னும் பிளாஸ்டிக் கப்தான், குப்பை வாளிக்கு மூடியும் இல்லை. மான்கள் இப்போதும் சுற்றித்தான் நிற்கின்றன. இதை நேரே சொன்னேன். மூடி வாங்குகிறேன் என்றார், மூன்று மாதமாக வாங்குகிறார்.

பெரிய குறை மழை. கார்த்திகையில் வாடைக்காற்றோடு மாரி பிடித்ததும் அக்கா மேசையை மடித்துக்கொண்டு போய்விட்டார். ஐந்து வாரம். பேணிகளைச் சாக்கில் கட்டி வீட்டில் வைத்தாராம். முதல் வாரம் குடையோடு இரண்டு நாள் போனேன். மரத்தடி வெறுமையாக இருந்தது, பலகையில் ஆணி மட்டும். இரண்டாம் வாரம் போகவேயில்லை. மோட்டர் போட்டேன், நிறுத்தினேன், சப்பாத்தைப் பார்த்தேன், திரும்பப் படுத்தேன். அப்போதுதான் விளங்கியது. நான் என் காலில் இருக்கிறது என்று நினைத்த பழக்கத்தில் பாதி அந்த மரத்தடியில் இருந்திருக்கிறது. ஆணிக்கும் பேணிக்கும் நான் கொடுத்த சான்றிதழைக் கொஞ்சம் திருத்த வேண்டியதாகிவிட்டது.

மார்கழியில் திருவெம்பாவை வந்து காப்பாற்றியது. பத்து நாளும் விடியற்காலைப் பூசை, சங்குச் சத்தம், காளி கோவில் வழியில்தான். நடையைக் கோவிலோடு முடித்துக்கொண்டேன். கஞ்சிக்குப் பதில் கடலையும் சர்க்கரைப் பொங்கலும். பொங்கலின் கதையை டொக்டரிடம் சொல்லவில்லை. தை பிறந்து மழை ஓய்ந்ததும் மேசை திரும்பி வந்தது. என் பேணி அதே ஆணியில், நூல் மட்டும் கொஞ்சம் வெளிறியிருந்தது.

கொப்பிக் கணக்கு: போயிருக்கக்கூடிய 286 நாளில் 231. கிட்டத்தட்ட 81 வீதம். செயலி என்றால் எத்தனையோ செடி செத்திருக்கும்.

கடைக்கு நான் போடும் புள்ளி 79. கஞ்சிக்கு மட்டும் என்றால் 90 போடுவேன். கருப்பட்டிக்கும் வாளி மூடிக்கும் வெட்டியது போக, ஒரு தறப்பாள் கட்டினால் மாரியில் பாதி நாளாவது திறக்கலாம் என்பதற்காகவும் வெட்டினேன். அதையும் சொன்னேன். "தறப்பாள் காத்துக்கு நிக்காது ரீச்சர்" என்றார். வாடையில் அந்தக் கரையில் நின்று பார்த்தவள் நான், அதில் அவர் சொல்வதும் சரிதான்.

போகிறவர்கள் ஐந்தரைக்கு முன் போங்கள். சாரம் கட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளில் வந்து கஞ்சியை மட்டும் குடித்துவிட்டுப் போகிறவர்களும் உண்டு, அக்காவுக்கு அதில் ஆட்சேபனை இல்லை, எனக்குத்தான் கொஞ்சம் வயிறு எரியும். பேணி கொண்டுபோனால் பிடி வைத்ததாகப் பாருங்கள். பலகையில் இப்போது இரண்டு ஆணிதான் மிச்சம். நேற்று இரவு இவர் குசினி அலுமாரிக்குள் தலையை விட்டு எதையோ தேடிக்கொண்டிருந்தார். எவர்சில்வர் சத்தம் கேட்டது. என்னத்துக்கு என்று நான் கேட்கவில்லை.